விருப்பமிருந்தால் வரலாம்

கண்ணு,

நலம் விசாரிக்காமல் தொடங்குகிறேன். நேற்று மாலைதான் உன் குரலைக் கேட்டேன். நன்றாக இருக்கிறாய். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம்.

திங்கட்கிழமை மதியம் உன் செய்தி வந்தபோது ஆசிரியர் அறையில் ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'அம்மா, அந்தக் காலேஜ்ல இருந்து மெயில் வந்திருக்கு. அப்ளிகேஷன் புடிச்சிருக்காம். இன்டர்வியூ ஒண்ணு இருக்கு, ஆனா ஆப்ஷனல். போகட்டுமா, வேணாமா? சனிக்கிழமைக்குள்ள சொல்லணும்.' நான் படித்துவிட்டதை இரண்டு நீலக் குறிகள் உனக்குக் காட்டிக்கொடுத்திருக்கும். படித்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். அதன்பிறகு திருத்திய நோட்டுகளில் என்ன மதிப்பெண் போட்டேன் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் எல்லாவற்றையும் வாங்கி மறுபடி திருத்தினேன்.

உனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு வருடமாக ஓசூரில் தனி அறை, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, நீயே வடித்துக்கொள்ளும் சோறு. நிலத்தடி நீரைப் பற்றி மேலே படிக்க வேண்டுமென்று, ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போகவேண்டிய ஊரில் ஒரு கல்லூரியை நீயே தேடினாய். நீயே விண்ணப்பித்தாய். அதில் எதற்கும் என்னைக் கேட்கவில்லை. பேச வேண்டிய இடம் ஒன்று வந்ததும் திரும்பி என்னைப் பார்க்கிறாய். 'போகட்டுமா' என்கிறாய். இந்தப் பழக்கம் உனக்குத் தானாக வரவில்லை. நான் கொடுத்தது.

உன் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று நீ முதலில் பார்க்க வேண்டும். அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்பு நான் செய்த ஒன்று உனக்குத் தெரிய வேண்டும். இதே மாதிரி ஒரு கல்லூரி, இதே மாதிரி ஒரு நேர்காணல். அப்போது கேள்வி உன்னிடம் வரவே இல்லை. என்னோடு நின்றுவிட்டது. இன்று காலை உன் அப்பாவிடம் சொன்னேன். இப்போது உன்னிடம். திக்கிப் பேசும் பிள்ளைகள் உள்ள வேறு அம்மாக்களுக்கு இது பயன்படலாம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நீ சரி என்று சொன்னால் மட்டுமே இதை வேறு யாரும் படிப்பார்கள்.

உனக்கு எட்டு வயது. கடத்தூரிலிருந்து தருமபுரிக்கு பஸ். டிக்கெட்டை நீயே கேட்டு வாங்கப்போவதாகச் சொல்லியிருந்தாய். முந்தைய நாள் முழுக்க கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தாய். 'தருமபுரி, ஒரு முழு, ஒரு அரை.' சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. கண்ணாடியிடம் நீ எப்போதும் தடையில்லாமல் பேசுவாய்.

பஸ்ஸில் கண்டக்டர் குனிந்தார். "எங்கடா தம்பி போவணும்?"

"த... த... த..."

உன் தாடை முன்னால் வந்தது. கண்கள் மூடிக்கொண்டன. கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்தது. பின்சீட்டில் ஒரு பெண் "அய்யோ, பாவம்" என்றாள்.

"தருமபுரிங்க. ஒரு முழு, ஒரு அரை" என்றேன் நான்.

"பையனுக்கு என்னாங்க, வாய் வரலியா?"

"தூக்கக் கலக்கங்க."

காலை பத்து மணி. நீ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். தருமபுரி வரும்வரை திரும்பவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் அந்தக் கண்டக்டர் அவசரப்படவே இல்லை. பஸ்ஸில் பாதி சீட் காலி. அவர் குனிந்தபடியே இருந்தார், இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பார். அவசரம் என்னுடையது. அந்தப் பெண்ணின் 'அய்யோ பாவம்' என் முதுகில் விழுந்தது போலிருந்தது, அதைத் துடைக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு பழகிவிட்டது. மளிகைக் கடை, டாக்டர், சொந்தக்காரர்கள். உன் பெயரைக் கேட்டால் நான் சொன்னேன். எந்த வகுப்பு என்று கேட்டால் நான் சொன்னேன். உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவர் கேட்டார், அதற்கும் நான்தான் பதில் சொன்னேன். உதவி என்று நினைத்துக்கொண்டேன். நீ வாயைத் திறப்பாய், முதல் எழுத்து வரும், மிச்சத்தை நான் எடுத்துக்கொள்வேன். கொஞ்ச நாளில் நீ முதல் எழுத்தையும் விட்டுவிட்டாய். என் முகத்தைப் பார்த்தால் போதும் என்று ஆயிற்று.

பத்து வயதில் தருமபுரியில் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்ணிடம் உன்னைக் கூட்டிப்போனேன், நினைவிருக்கிறதா? சின்ன வயதுக்காரி. சுவரில் வாயின் படம் ஒட்டியிருந்தாள். இரண்டாவது வாரம் உன்னை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் பேசினாள்.

"நீங்க அவன் வாயவே பாக்கறீங்கம்மா. கண்ணப் பாருங்க. முடிக்க அவனுக்குத் தெரியும். நீங்க நடுவுல பேசாம இருந்தா போதும்."

"நான் டீச்சருங்க" என்றேன். எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்ற தொனியில்.

"அதாம்மா கஷ்டமே" என்று அவள் சிரித்தாள்.

மூன்றாவது வாரம் நாம் போகவில்லை. பஸ் நேரம் ஒத்துவரவில்லை என்று உன்னிடம் சொன்னேன். பஸ் நேரம் மாறவே இல்லை, கண்ணு. அந்தச் சிரிப்புதான் எனக்கு ஒத்துவரவில்லை.

இப்போது பன்னிரண்டாம் வகுப்புக்கு வருகிறேன். பதினொன்றும் பன்னிரண்டுமாக அந்த இரண்டு வருடமும் ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் நம் கிணற்றில் கயிறு விட்டு அளந்தாய். அடிக்கு ஒரு முடிச்சு, நுனியில் ஒரு கல். கல் தண்ணீரைத் தொட்டதும் முடிச்சுகளை எண்ணி நோட்டில் எழுதுவாய். "கெணறு எங்கயும் ஓடிப்போவாதுடா, வாராவாரம் அளந்துட்டே கெடக்கற" என்று அப்பா கேலி செய்வார். நீ சிரிப்பாய், எழுதுவாய். பெங்களூரு பக்கம் ஒரு கல்லூரி விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்டது. நீ அந்தக் கயிற்றைப் பற்றி எழுதினாய். மழை பெய்த வாரத்தில் தண்ணீர் ஏறவில்லை, மூன்று வாரம் கழித்துத்தான் ஏறியது, நடுவில் அந்த மழை எங்கே இருந்தது என்று கேட்டு முடித்திருந்தாய். நான் அதில் இரண்டு முற்றுப்புள்ளிகளை மட்டும் மாற்றினேன். வேறு எதையும் தொட எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

உனக்கு அப்போது மின்னஞ்சல் முகவரி கிடையாது. விண்ணப்பத்தில் என் முகவரி, என் போன் நம்பர். அதனால் கடிதம் எனக்கு வந்தது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, விருப்பமிருந்தால் மாணவர் நேர்காணலுக்கு வரலாம், கட்டாயமில்லை, வராததால் எந்தக் குறையும் வராது. பத்து நாளுக்குள் பதில் தேவை.

உன் அப்பா வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நான் தருமபுரி டவுனில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் சாப்பிடுகிறீர்களா என்று ஒரு தடவை கேட்பார்கள், பசித்தால் உட்காருவார்கள். கல்யாணமான புதிதில் ஏரியூரில் உன் பெரிய அத்தையின் சம்பந்தி வீட்டுக்குப் போனோம். "சாப்புடுங்க" என்றார்கள். "சரிங்க" என்று உட்கார்ந்துவிட்டேன். இலை போடப்போனவர் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தார். திரும்பி வரும்போது உன் பெரிய அத்தை பஸ் ஸ்டாப்பிலேயே பிடித்துக்கொண்டார். "ஏம்புள்ள, சோத்தையே பாக்காத வூட்டுப் பொண்ணாட்டம் ஒக்காந்துட்ட? மொத தடவ கேட்டா வேணாங்கணும். ரெண்டாவது கேட்டா இருக்கட்டுங்கன்னு சொல்லணும். மூணாவது தடவ கேட்டாத்தான் கைய நனைக்கணும். அவங்க மனசாரக் கூப்புடறாங்களான்னு அப்பத்தான் தெரியும்." கற்றுக்கொண்டேன். இருபது வருடத்தில் எங்கள் வீட்டு வழக்கம் மறந்தே போனது. யார் எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்றுதான் வாயில் வருகிறது.

கல்லூரிக் கடிதத்தை அப்பாவிடம் படித்துச் சொன்னேன்.

"இஷ்டம்னா வரலாமா?" என்றார். "அப்ப வர வேணாம்னு நாசூக்கா சொல்றானுங்க டீச்சரு. கூப்புடறவன் அப்படியா கூப்புடுவான்? கல்யாணப் பத்திரிகையில 'இஷ்டம்னா வாங்க, வராட்டியும் குத்தமில்ல'ன்னு எவனாச்சும் போடுவானா? போட்டா நீ போவியா?"

நான் சிரித்தேன். பிறகு பதில் எழுதினேன். தங்கள் அன்புக்கு நன்றி, தங்களுக்குச் சிரமம் வேண்டாம். நல்ல ஆங்கிலத்தில்தான் எழுதினேன். உன்னிடம் காட்டவில்லை. நேர்காணல் என்று ஒன்று இருப்பதையே சொல்லவில்லை. இது முதல் தடவை, உண்மையாகவே வேண்டுமென்றால் மறுபடி கேட்பார்கள், அப்போது உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம். இப்படித்தான் எனக்கு நானே சொன்னேன். கல்லூரிக்காரர்களும் ஏரியூர்ச் சம்பந்தி மாதிரி இலையோடு நிற்பார்கள் என்று.

இந்த இடத்தில் நிறுத்தினால் இது ஒரு பட்டிக்காட்டுத் தவறு. நீ படித்துவிட்டுச் சிரித்துக்கூட விடலாம். ஆனால் நான் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. 'ஆப்ஷனல்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? வழக்கத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். தெரிந்தே போர்த்திக்கொண்டேன். இதை நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அவர்கள் இரண்டாவது தடவையும் கேட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை. பதினோரு மணி இருக்கும். நீ வாசலில் டியூப் பிடித்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாய். தெரியாத நம்பர். ஒரு பெண் குரல், தமிழில். கல்லூரியிலிருந்து பேசுவதாகச் சொன்னார்.

"உங்க பையன் எழுதின கட்டுரைய நாங்க நாலஞ்சு பேர் படிச்சோம்மா. அந்தக் கிணத்துக் கயிறு. அதப் பத்தி அவர்கிட்ட ஒரு பத்து நிமிஷம் பேசணும்னு ஆசை. நேர்ல வர வேண்டியதில்ல, போன்லயே போதும். இருக்காருங்களா?"

நீ டியூபைக் கீழே போட்டுவிட்டு வாசற்படி வரை வந்தாய். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்கும். "யா... யா..." என்றாய்.

"யாரா? கேஸ் சிலிண்டர்காரங்க" என்றேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னேன். நீ தலையாட்டிவிட்டு மறுபடி டியூபை எடுக்கப் போனாய்.

"அவன் வெளிய போயிருக்கான்ங்க" என்றேன் அந்தப் பெண்ணிடம். "அவனுக்கு இதுல இஷ்டமில்லைங்க."

"அவரே சொன்னாருங்களா?"

"ஆமாங்க."

நீ சோப்பு நுரையைக் கழுவிவிடும் சத்தம் போனில் அவருக்கும் கேட்டிருக்கும். "சரிங்கம்மா. கட்டாயமில்ல. ஆனா மனசு மாறினா வர்ற புதன்கிழமை வரைக்கும் இந்த நம்பருக்குக் கூப்பிடச் சொல்லுங்க."

எண்ணிப் பார். அது மூன்றாவது தடவை. உன் பெரிய அத்தையே கைநனைக்கச் சொல்லியிருப்பார். நான் அந்த நம்பரை அழித்தேன். புதன்கிழமை வந்தது, போனது. அன்றைக்கு நீ ஒரு புதுச் சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தரச் சொன்னாய். தைத்துத் தந்தேன்.

ஒரு மாதம் கழித்து, வருந்துகிறோம் என்று கடிதம் வந்தது. அதை மட்டும் உன்னிடம் உடனே காட்டினேன். நீ இரண்டு முறை படித்தாய். "ப... பரவால்லம்மா" என்றாய். கட்டுரை சரியில்லை போல என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது" என்றேன். அடுத்த ஞாயிறு நீ கிணற்றுப் பக்கம் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். கயிறு சும்மா கிடக்கிறதே என்று அப்பா அதை எடுத்துக் கன்றைக் கட்டினார். நீ பார்த்தாய். நானும் பார்த்தேன்.

பேசியிருந்தால் உன்னை எடுத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. எடுத்திருப்பார்களா இல்லையா என்பது யாருக்குமே தெரியாமல் செய்துவிட்டேன், அதுதான் நான் செய்தது. தருமபுரியிலேயே சேர்ந்தாய். மூன்று வருடம் பஸ்ஸில் போய் வந்தாய். வாய்மொழித் தேர்வில் பதில்களைக் காகிதத்தில் எழுதிக் காட்டியதை ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன். கேட்டவர்களிடமெல்லாம், பெங்களூருக்காரர்கள் ஒரு வார்த்தை கூப்பிட்டுக்கூடப் பேசவில்லை என்றேன். முதலில் சொல்லும்போது நாக்கு கூசியது. பிறகு கூசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏன் அப்படிச் செய்தேன்? பல நாள் ஒரு பதில் வைத்திருந்தேன். நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், உன் தாடை மாட்டிக்கொள்ளும், ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார், அதை நீ பார்ப்பாய். அந்தக் கணத்திலிருந்து உன்னைக் காப்பாற்றினேன் என்று. இதில் பாதி உண்மை. மீதியை இன்றுதான் எழுதிப் பார்க்கிறேன். அந்தப் பெண் போனில் பேசும்போது எனக்கு உன் முகம் நினைவுக்கு வரவில்லை. அவர்கள் விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்ற கட்டத்தைப் பார்ப்பார்கள் என்பதுதான் வந்தது. ஆங்கில ஆசிரியை. ஆங்கில ஆசிரியையின் பிள்ளைக்கு வாய் திக்குகிறது. பள்ளியில் பெற்றோர்கள் அப்படிப் பேசிக்கொண்டதை ஒருமுறை கேட்டிருக்கிறேன். 'ஊருக்கெல்லாம் பேச்சு சொல்லித்தர்றா, வூட்டுல இருக்கறதுக்கு சொல்லித்தர முடியல.' உன் பேச்சை என் வேலையில் விழுந்த கறையாக நினைத்தேன், கண்ணு. உன் வாயை மூடியது அந்தக் கறைக்காக. இதை எழுதிவிட்டேன். அடிக்கவில்லை, மாற்றவில்லை.

இன்று பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். காலையில் அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டை மெஷினில் விட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"லீவு போட்டுட்டு வந்து நிக்கறன்னா பெரிய சேதியாத்தான் இருக்கும்" என்றார். "சொல்லு டீச்சரு."

சொன்னேன். மெஷினை நிறுத்தினார்.

"அப்ப அவங்க கூப்ட்டாங்களா?"

"கூப்ட்டாங்க."

"பையன் எங்க இருந்தான்?"

"வாசல்ல. வண்டி கழுவிட்டு இருந்தான்."

தோளிலிருந்த துண்டை எடுத்தார். முகத்தைத் துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்துக்கொண்டார். "நாலு வருசமா நாந்தான் கெடுத்தன்னு நெனச்சிட்டு இருக்கறன் புள்ள. அன்னிக்கு அந்தப் பத்திரிகைப் பேச்சு பேசாம வாய மூடிட்டு இருந்திருந்தா நீ அவன அனுப்பியிருப்பன்னு. ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கலாமில்ல, உம்மேல இல்லன்னு."

எனக்கு அது தெரியாது. அவர் உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் பை நிறையக் கொய்யாவும் கடலையும் தூக்கிக்கொண்டு வந்தாரே, நீ வேண்டாம் வேண்டாம் என்பாயே, அது ஏன் என்று எனக்கு இன்று காலைதான் புரிந்தது.

"அவங்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லைங்க."

"பின்ன எதுக்கு எங்கிட்ட வந்து சொல்ற? போ. போயி அவங்கிட்ட சொல்லு." மெஷினை மறுபடி போட்டார். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னார், "எழுதிக் குடு, நாளைக்கி நானே கொண்டுபோறன். தபால்ல போட்டா சனிக்கிழமைக்குள்ள போவாது."

ஆக, இதை உன்னிடம் தருபவருக்கு விஷயம் தெரியும். அவரிடம் கோபப்படாதே.

நேற்று மாலை நீ போன் செய்தாயே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ போன் செய்பவன் இல்லை. இரண்டு நாளாக என்னிடமிருந்து பதில் இல்லை என்றதும் கூப்பிட்டாய். "அம்மா" என்றாய். பிறகு "ப..." என்று நின்றுவிட்டாய்.

என் வாயில் மூன்று வார்த்தைகள் வந்து நின்றன. பதில். பயம். பரவாயில்லை. பதில் என்னாச்சு என்று கேட்கப்போகிறாய், அல்லது பயமாக இருக்கிறது என்று சொல்லப்போகிறாய், அல்லது பரவாயில்லை, நான் போகவில்லை என்று முடிக்கப்போகிறாய். எதையாவது எடுத்துக் கொடுத்துவிடலாம் போலிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். உன் பக்கம் தெருச் சத்தம் கேட்டது, ஹாரன் கேட்டது, உன் மூச்சு கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நீளமாக இருந்தது.

"பஸ்ஸு வந்துருச்சும்மா. அப்பறம் கூப்புடறன்" என்றாய். வைத்துவிட்டாய்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பஸ்! என் மூன்று வார்த்தையில் அது இல்லை. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பதினாலு வருடமாக உன் முதல் எழுத்தை வாங்கிக்கொண்டு மிச்சத்தை நான் நிரப்பியிருக்கிறேன். நீ தலையாட்டியிருக்கிறாய். சரியாகச் சொன்னதால் தலையாட்டினாய் என்று இருந்தேன். எத்தனை தடவை நீ சொல்ல வந்தது வேறாக இருந்திருக்கும்? டாக்டரிடம் வலிக்கிறது என்று நான் சொன்ன இடத்தில்தான் உனக்கு வலித்ததா? உனக்குப் பிடித்தது என்று நான் சொன்ன அந்த லட்டு உனக்குப் பிடிக்குமா? எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடம் அம்மாவாக இருந்துவிட்டு இதுகூடத் தெரியவில்லை.

இனி உன் கேள்வி. போகட்டுமா, வேணாமா?

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன், முடிவாக எடுத்துக்கொள்ளாதே. போனால் வாய் திக்கும். திக்காது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கலாம். இன்னொருவர் குனிந்தபடி காத்திருக்கலாம். எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்பதில் தவறில்லை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். செய்வதும் செய்யாததும் உன் பாடு. போகாவிட்டால் குறையில்லை என்று அவர்கள் எழுதியிருந்தால் அதை நம்பு. அதற்குள் வேறு அர்த்தம் தேடாதே. அப்பாவும் நானும் தேடியது போதும். போகாமலிருப்பது கோழைத்தனமும் அல்ல. யோசித்து, இது எனக்கு வேண்டாம் என்று நீ சொன்னால் அதுவும் ஒரு பதில்தான். நான்கு வருடத்துக்கு முன் உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதில் அந்த 'வேண்டாம்' என்ற சொல்லும் உண்டு. ஒருவேளை நீயே வேண்டாம் என்றிருப்பாய். அப்படியானால் அது உன் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அவர்களுக்கு நீ என்ன எழுதினாய் என்று நான் கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

மன்னித்துவிடு என்று முடிக்கலாமா என்று யோசித்தேன். அதை எழுதினால் உடனே நீ "பரவால்லம்மா" என்றுவிடுவாய். உனக்கு அது சுலபமாக வரும், நான் பழக்கியிருக்கிறேன். அதனால் எழுதவில்லை. இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வர வேண்டும். அதைப் போனில் தட்டி அனுப்பாதே, கண்ணு. நேரில் வந்து திட்டு. எந்த வார்த்தையில் நின்றாலும் நின்று, எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகி, கடைசி வார்த்தை வரைக்கும் நீயே திட்டு. நான் உன் கண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அம்மா